திடீர்னு குடியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தா? ஐசியூவில் என்ன சிகிச்சை தருவாங்க?

விபத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். முதல் நாள் நன்றாகப் பேசியவர், மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்க, 'சுவத்துல பூச்சி ஊருது' என்று கத்துவார். ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிவார். பேய் பிடிச்சிருக்குமோ என்றுகூட சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பல நேரங்களில் காரணம், வருஷக்கணக்கில் தினமும் குடித்த மது சட்டென நின்றுபோனதுதான்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் முறுக்கேறியே இருந்து பழகிவிடும். மது நின்றதும் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' எனும் கடும் மனக்குழப்பம் வரும். காய்ச்சல் அடிக்கும், பிபி எகிறும். சிகிச்சை தராவிட்டால் உயிரே போகலாம்.

ஐசியூவில் முதலில் தருவது லோராசெபாம், டயாசெபாம் வகை மருந்துகள். மது வேலை செய்த அதே 'காபா' ஏற்பிகளில் வேலை செய்து மூளையை அமைதியாக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் லோராசெபாம்தான். அதிலும் அடங்கலைன்னா ஃபீனோபார்பிட்டால், ப்ரோபோஃபோல். இவை மூச்சையும் அடக்கிவிடக்கூடும். வென்டிலேட்டர் பக்கத்திலேயே இருக்கணும் என்பது அதனால்தான். டெக்ஸ்மெடிடோமிடின் படபடப்பைக் குறைக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்காது. கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு மோசமாகலாம்.

'அவர் குடிக்கவே மாட்டார்' என்று மானத்துக்குப் பயந்து மறைப்பதுதான் பெரிய சிக்கல். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை அட்மிஷன் அன்றே டாக்டரிடம் சொல்லிடுங்க. வீட்டிலேயே குடியை நிறுத்தியவருக்கு வலிப்போ உளறலோ வந்தால், உடனே 108-க்கு அழையுங்கள்.