ச.தொ.ச. வளவில் கேட்கப்படாத கேள்வி

மரண விசாரணைக்குப் போகிறவர் கேட்க வேண்டியவை மூன்று. இறந்தவர் யார், எப்போது இறந்தார், எதனால் இறந்தார். மன்னாரில் திடீர் மரண விசாரணை அதிகாரியாக நான் கடமை பார்த்த காலத்தில், முதல் இரண்டுக்கும் அநேகமாக வீட்டு வாசலிலேயே பதில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

கடலட்டை பிடிக்கச் சிலிண்டரோடு இறங்கிய இளம்பொடியன் ஒருவனைப் பேசாலைப் பக்கம் கரையில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. "மேலே வந்தவன் ஐயா, கதைச்சவன். தோள் நோகுது எண்டான், அப்படியே சரிஞ்சிட்டான்" என்றார்கள் கூடப் போனவர்கள். அவனுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நடந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டார். ஆழத்தில் இரத்தத்தில் கரைகிற நைதரசன், அவசரமாக மேலே வருகையில் குமிழாகி மூளையையும் நெஞ்சையும் அடைக்கும். பிரேதம் சில மணி நேரம் வெயிலில் கிடந்துவிட்டால், அந்தக் குமிழ் எது, அழுகலில் உண்டான வாயு எது என்று சட்ட வைத்திய அதிகாரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை பாகம் ஆழம், எத்தனை தரம் இறங்கினான், எவ்வளவு வேகத்தில் ஏறினான் என்று கூட்டாளிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் காரணத்தை எழுத முடிந்தது. உடம்பு சொல்லாததைச் சூழல் சொன்னது.

அதே மூன்று கேள்விகளும் பிறகு ஒரு புதைகுழியின் முன் வந்து நின்றன. 2018 மார்ச்சில் மன்னார் நகர நுழைவாயிலில், அரச விற்பனை நிலையமான ச.தொ.ச.வின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதுக்கு அத்திவாரம் தோண்டியபோது அள்ளிய மண்ணில் மனித எலும்புகள் வந்தன. நீதவானின் உத்தரவில் மே மாதக் கடைசியில் அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ச பொறுப்பாக இருந்தார். களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ கூட நின்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் 20க்கு மேற்பட்டவை சிறுவர்களுடையவை. ஒரு பகுதியில் ஒழுங்காக அடக்கம் செய்த அடையாளம் இருந்தது. இன்னொரு பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக, எறிந்தமாதிரிக் குவிந்து கிடந்தன. சிலவற்றின் கால்களில் இரும்புப் பிணைப்பு இருந்ததாகச் செய்திகள் வந்தன. பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். போர்க்காலத்தில் வன்னியில் 146,679 பேருக்குக் கணக்கில்லை என்று அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 2011இல் சொல்லியிருந்த மாவட்டம் இது.

ஆறு மாதிரிகள் புளோரிடாவின் பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் காபன் அறிக்கை வந்தது: 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை. அதோடு ஊரில் பேச்சு இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம், எல்லாம் பழங்கதை, மூடிவிடலாம் என்றது. மறுபக்கம் அறிக்கையையே நம்பவில்லை. குழியில் பிஸ்கற் உறை கிடந்ததே என்று கேட்டது. மாத்தளை நினைவும் இருந்தது. அங்கே 2012இல் வைத்தியசாலை வளவில் கிடைத்த எலும்புகளை 1986-1990 காலத்தவை என்று சோமதேவ கணித்தார். ஆய்வுகூடமோ அவை 1950க்கு முந்தியவை என்றது.

என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஆறு மாதிரிகளைப் பொறுத்தவரை நான் ஆய்வுகூடத்தின் பக்கம். மீனே சாப்பாடாக வாழ்ந்தவரின் எலும்பு உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டு கூடக் காட்டும் என்பது தெரிந்த விஷயம். மன்னாரில் அதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த காபன்-14ஐ ஏறத்தாழ இருமடங்காக்கின. அதற்குப் பிறகு வாழ்ந்தவரின் எலும்பில் அந்தத் தடம் பதியாமல் போகாது. பிஸ்கற் உறை, கட்டடம் எழும்பி இடிந்த மண்ணுக்குள் இறங்கக்கூடிய பொருள். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், ஆறை வைத்து முந்நூறுக்கும் தீர்ப்பு எழுத என் கை வராது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. ஆய்வுகூடம் பதில் சொன்னது இரண்டாவது கேள்விக்கு. அதையே மூன்றாவதன் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இறந்த குழந்தையும் ஏதோ ஒன்றினால்தானே இறந்தது?

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொல்வித்தான். அறுநூறு பேரளவில் என்பது மரபு. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அந்த நினைவைக் காத்து நிற்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டையும் புதைகுழியும் கூப்பிடு தூரம். வாளா, கோட்டைச் சிறையா, முத்துச்சலாபத்துக்குக் கூடிய சனத்தைத் தின்ற கொள்ளைநோயா? அறிக்கை வந்ததும் வேதசாட்சிகள்தான் என்று சிலர் முடிவே கட்டினார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. வாளால் மாண்டவர் என்றால் எலும்பில் வெட்டு இருக்க வேண்டும்.

இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியும். இங்கிலாந்தில் 1461இல் நடந்த டவுற்றன் போரின் புதைகுழி 1996இல் தற்செயலாக வெளிப்பட்டபோது, மண்டையோட்டு வெட்டுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த ஆயுதம், எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதினார்கள். உயிருள்ளபோது அல்லது இறக்கும் தறுவாயில் முறிந்த எலும்பின் ஓரம் வழுவழுப்பாக, மண்ணிலுள்ள எலும்பின் நிறமாகவே இருக்கும்; மண்வெட்டி பட்டு இப்போது முறிந்தது வெளிறி, சொரசொரப்பாக இருக்கும். காய்ச்சலும் பேதியும் எலும்பில் தடம் விடாது, உண்மை. ஆனாலும் பல் இருக்கிறது. லண்டன் ஈஸ்ற் சிமித்பீல்டில் 1348-50 கொள்ளைநோயில் மாண்டவர்களின் பல்லுக்குள்ளிருந்து அந்தக் கிருமியின் மரபணுவையே 2011இல் வாசித்தார்கள்.

ஆகவே அந்த எலும்புகளில் செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனித் தாள் வேண்டும். கழுத்தெலும்பு, முன்கை, கணுக்கால் மூன்றையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைக்க வேண்டும். இரும்பு கிடந்திருந்தால் அந்தத் துருவைத் தனியே ஆராய வேண்டும். குவிந்து கிடந்த பகுதியிலிருந்தும் ஒழுங்காகக் கிடந்த பகுதியிலிருந்தும் வெவ்வேறாகப் பல் எடுத்து அனுப்ப வேண்டும். காபன் சோதனைக்கும் அப்படியே, ஆறுக்குப் பதில் அறுபது. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கில் கிடைத்த 80க்கு மேற்பட்டவர்களுக்கும் இதே தாள், இதே மூன்று கேள்விகள்.