ஊத்துக்கோட்டைக்கு வந்த கிருஷ்ணா நீரும் மதத்தின் பங்கும்

நாடுகளுக்கு இடையிலான உறவில் மதத்தின் பங்கு என்றதும் பலருக்கும் சிலுவைப் போர்களும் பாலஸ்தீனமும்தான் நினைவுக்கு வரும். மதம் என்றால் சண்டை என்றே பழகிவிட்டோம். ஆனால் சென்னைக்குப் பக்கத்திலேயே, ஆந்திர எல்லையில் இருக்கும் ஊத்துக்கோட்டையில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு இருக்கிறது.

ஊத்துக்கோட்டை ஆரணியாற்றங்கரையில் உள்ள சிற்றூர். எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. அங்கே சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் பக்தர்கள் போய் வருகிறார்கள். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு மாநில எல்லை ஒரு தடையே இல்லை. தண்ணீருக்குத்தான் அது பெரிய தடையாக இருந்தது.

சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க 1976ல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நதியில் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்கும். மொத்தம் 15 டி.எம்.சி. வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக மீதி 12 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு. 1983ல் எம்.ஜி.ஆர். அரசும் என்.டி.ராமாராவ் அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தெலுங்கு கங்கைத் திட்டம் பிறந்தது இப்படித்தான்.

ஸ்ரீசைலத்தில் புறப்படும் தண்ணீர் சோமசீலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள் வழியாக ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இந்த இடத்துக்கு ஜீரோ பாயிண்ட் என்று பெயர். அங்கிருந்து 25 கிலோமீட்டர் ஓடி பூண்டி ஏரியை அடைகிறது.

முதல் தண்ணீர் ஜீரோ பாயிண்டைத் தொட்டது 1996ல். ஒப்பந்தம் போட்டு 13 ஆண்டுகள் கழித்து! அப்போதும் வந்தது மிகச் சொற்பம். கண்டலேறிலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் மண் கரைகள் சரிந்தன. தண்ணீர் தரையில் கசிந்தது. வழியில் இருந்த விவசாயிகளும் தங்கள் வயலுக்கு இறைத்துக்கொண்டார்கள். வயல் காய்ந்து கிடக்கும்போது கண்முன்னே ஓடும் தண்ணீரை வேறு ஊருக்கு விட யாருக்குத்தான் மனம் வரும்?

கால்வாயைச் சீரமைக்க வேண்டும் என்பது இரண்டு அரசுகளுக்கும் தெரியும். ஆனால் ஆந்திர மண்ணில், சென்னைக்காக, பெரும் பணம் போட்டு யார் செய்வது? இந்தக் கேள்வியில்தான் திட்டம் முடங்கிக் கிடந்தது.

இந்த நிலையில் 2002ல் புட்டபர்த்தி சத்ய சாய்பாபா, கால்வாயைத் தன் அறக்கட்டளையே சீரமைக்கும் என்று அறிவித்தார். அவரது அறக்கட்டளை 1990களிலேயே அனந்தப்பூர் மாவட்டத்தில் பெரிய குடிநீர்த் திட்டத்தை முடித்திருந்தது. சுமார் 200 கோடி ரூபாய் செலவில் கால்வாய் அகலப்படுத்தப்பட்டு, கரைகள் பலப்படுத்தப்பட்டன. 2004 இறுதியில் தண்ணீர் மீண்டும் பூண்டிக்கு வந்தது. கால்வாய்க்கு சாய் கங்கை என்ற பெயரும் வந்தது.

2007 ஜனவரியில் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், கடவுள் மறுப்பாளரான முதல்வர் கருணாநிதி சாய்பாபாவுடன் ஒரே மேடையில் அமர்ந்தார். அப்போது இது பெரிய விவாதமானது. ஆனால் தண்ணீருக்கு ஆத்திகம் நாத்திகம் தெரியாது.

இரண்டு அரசுகளால் முடியாததை ஒரு மதத் தலைவரால் எப்படி முடிக்க முடிந்தது? பணம் மட்டும் காரணமல்ல. எல்லையின் இரு பக்கமும் அவருக்குப் பக்தர்கள் இருந்தார்கள். அவர் செய்தால் யாருக்கும் தோல்வி இல்லை. ஆந்திர அரசு சென்னைக்காகச் செலவழித்தது என்றோ, தமிழக அரசு அடுத்த மாநிலத்தில் பணத்தைக் கொட்டியது என்றோ யாரும் குறை சொல்ல முடியாது.

இதே போன்ற நம்பிக்கை உலக அரங்கிலும் ஒரு போரைத் தடுத்திருக்கிறது. தென் அமெரிக்காவில் பீகிள் கால்வாயின் மூன்று தீவுகளுக்காக 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்புக்கே போய்விட்டன. இரண்டும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். போப் இரண்டாம் ஜான் பால் தன் தூதராகக் கர்தினால் சமோரேயை அனுப்பினார். இரு தரப்பும் அந்த மத்தியஸ்தத்தை ஏற்றன. 1984ல் வாடிகனில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது.

ஆனால் இரண்டு சம்பவங்களுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. போப்பின் முயற்சி இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. ஊத்துக்கோட்டையிலோ ஒப்பந்தம் முன்பே இருந்தது. அதை நிறைவேற்றும் அக்கறைதான் இல்லை. அந்த இடைவெளியை ஒரு நன்கொடை நிரப்பியது. நன்கொடையால் கால்வாயைச் சீரமைக்க முடியும். ஆண்டுதோறும் மதகைத் திறக்க வைக்க முடியாது.

ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி., ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டி.எம்.சி. தர வேண்டும் என்பது ஒப்பந்தம். கால்வாய் சரியான பிறகும் பல ஆண்டுகளில் இதைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. சாய்பாபா 2011ல் மறைந்தார். 2019ல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, தமிழக அமைச்சர்கள் ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியை நேரில் சந்தித்துத் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது. ஒப்பந்தப்படி உரிமையான தண்ணீரைத்தான் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

மதத்தால் எல்லையைக் கடந்து மனிதர்களைச் சேர்க்க முடியும், முடங்கிய காரியத்தைத் தொடங்கி வைக்கவும் முடியும் என்பதற்கு சாய் கங்கை ஒரு நல்ல சாட்சி. ஆனால் அரசு செய்ய வேண்டிய கடமையை ஒருவரின் கருணையை நம்பி விட்டுவிட்டால், அவருக்குப் பிறகு கேள்வி கேட்க ஆள் இருக்காது. ஜீரோ பாயிண்டுக்குத் தண்ணீர் வரும்போது அதிகாரிகள் மலர் தூவி வரவேற்பது வழக்கம். வர வேண்டிய தண்ணீர் வந்ததற்கே மலர் தூவ வேண்டியிருக்கிறது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.