இலண்டன் மாநகரின் கட்டட விதிகளும் மனைக்குரியோரும்

தன் பொருள் கொடுத்து வாங்கிய நிலத்திலே தான் விரும்பியவாறு வீடு கட்டுதல் தனக்குரிய உரிமை என்பது மனைக்குரியோன் ஒவ்வொருவனுடைய எண்ணமுமாகும். ஆயின், வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத்திலே ஒருவன் கூரையிற் பற்றிய தீ அவன் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே கட்டட விதிகள் வேண்டப்படுவனவாயின. விதியை இயற்றுதல் எளிது. மக்கள் அதனைக் கைக்கொள்ளுமாறு செய்தலே அரிது. எத்தகைய விதியை மனைக்குரியோர் ஏற்று ஒழுகுவர் என்னும் வினாவிற்கு இலண்டன் மாநகரின் வரலாறு தெளிவான விடை பகர்கின்றது.

அந்நகரின் முதல் மேயரான ஹென்றி பிற்ஸ்-எயில்வின் காலத்தது, 1189ஆம் ஆண்டினது, என மரபாகக் கூறப்படும் விதித்தொகுதி அயலார் இருவருக்கிடையே எழும் பொதுச்சுவரைப் பற்றியது. இருவரும் தத்தம் நிலத்தில் 1½ அடி விட்டு, 3 அடி தடிப்பும் 16 அடி உயரமுமுள்ள கற்சுவரை எழுப்புதல் வேண்டும். ஒருவன் வறியவனாயின் அவன் 3 அடி நிலத்தையும் கொடுக்க, மற்றையோன் தன் செலவிற் சுவரைக் கட்டுவான். எனினும் சுவரிற் பாதி வறியவனுக்கும் உரியதாகும். பொருளில்லாதவன் நிலத்தையும், பொருளுள்ளவன் கல்லையும் கொடுத்துப் பயனை இருவரும் பகிர்ந்துகொள்ளும் இவ்வேற்பாடு நுணுகி நோக்கத்தக்கது.

பிற்காலத்து அரச ஆணைகள் இந்நெறியிற் செல்லவில்லை. 1580இல் எலிசபெத்து அரசி நகர வாயில்களிலிருந்து 3 மைல் எல்லைக்குட் புதிய வீடுகள் கட்டலாகாதெனத் தடைவிதித்தார். முதலாம் யேம்ஸ் மன்னர் புதிய வீடுகளின் முகப்பைச் செங்கல்லாற் கட்டுமாறு பலமுறை ஆணையிட்டார். ஆயினும் நகரை நாடி வருவோர் தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை. வீடுகள் மறைவாக எழுந்தன; இருந்த வீடுகளும் பல கூறாக்கப்பட்டன. பின்னர் தண்டம் செலுத்தியவர்களின் கட்டடங்கள் நிலைக்க விடப்பட்டமையால், விதி அரசிறைக்கு ஒரு வருவாயாகியது; மரவீடுகளோ மாறாது நின்றன.

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி ஒரு வெதுப்பகத்தில் எழுந்த தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் அழித்தது. சேர் கிறிஸ்தோப்பர் றென் நகரை முற்றும் புதிதாய் அமைக்கும் திட்டமொன்றை அரசருக்கு அளித்தார்; பழைய நில எல்லைகளை அழித்தாலன்றி அது நிறைவேறாதாகையாற் கைவிடப்பட்டது. எல்லைகளைப் பெரும்பாலும் பேணிய 1667ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் வீடுகளை நால்வகைப்படுத்தியது. ஒடுங்கிய தெருக்களில் இரண்டு மாடியும், ஓரளவு பெரிய தெருக்களில் மூன்று மாடியும், தலைமைத் தெருக்களில் நான்கு மாடியும் அமைய வேண்டும். செல்வரின் மாளிகைகளும் நான்கு மாடியை மீறலாகாது. புறச்சுவர்கள் கல்லாலோ செங்கல்லாலோ ஆதல் வேண்டும். மனைக்குரியோன் ஆற்றவேண்டிய கடமைகளும் வரிசையாக வகுக்கப்பட்டன. அவன் இடிபாடுகளை அகற்றி, 6 சிலிங் 8 பென்ஸ் கட்டணம் செலுத்தினால், நகர அளவையாளர் வந்து அத்திவாரத்துக்கு முளையடித்துக் கொடுப்பர். அறிவியலறிஞர் றொபேட் ஹூக் இப்பணியிற் பெரும்பகுதியை ஆற்றினார். பொதுச்சுவரை முதலிற் கட்டியவனுக்கு, பின்னர்க் கட்டுபவன் செலவிற் பாதியை நூற்றுக்கு 6 வட்டியுடன் கொடுத்த பின்னரே தன் வீட்டைத் தொடங்கலாம். விதிக்கு மாறாக எழுந்த கட்டடம் பொதுத்தொல்லையெனக் கொள்ளப்பட்டது.

தெருவை அகலிக்க நிலமிழந்தோருக்கு, இலண்டனுக்கு வந்த நிலக்கரியின் மீது விதித்த வரியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. எரிந்த வீட்டை மீளக் கட்டுவோன் உடையவனா, குடியிருப்போனா என்னும் வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றம் ஒன்று அமைந்தது. அதன் நீதிபதிகள் ஊதியமின்றி இருந்து, வேண்டியவிடத்து வாடகையைக் குறைத்தும் குத்தகைக் காலத்தை நீட்டியும் தீர்ப்பளித்தனர். சில ஆண்டுகளிற் செங்கல் நகரம் எழுந்தது. அரசர் பலமுறை ஆணையிட்டும் நிகழாதது இவ்வாறு நிகழ்ந்தது.

பெருந்தீயின் அச்சம் இதற்கு ஒரு காரணம் என்பது மெய்யே. எனினும் அச்சம் ஒன்றே சுவர் எழுப்பாது. அளவு யாவருக்கும் ஒன்றாயிருந்தமையும், செய்யவேண்டியது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டமையும், இழப்புக்கு ஈடும் பிணக்குக்கு விரைந்த தீர்ப்பும் கிடைத்தமையுமே விதியை வாழச் செய்தன.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கட்டட விதிகள் நம் நாட்டிலும் சட்டவடிவு பெற்றன. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடமின்றி வீடு கட்டலாகாது. முடிந்த கட்டடம் விதிக்கமைந்தது என்னும் சான்றிதழின்றி அதிற் குடிபுகலாகாது. வரைபடத்தைக் கையில் ஏந்தி நகரசபை வாயிலில் நிற்பவனுக்கு இவை வீண்சுமையாகத் தோன்றலாம். அயலான் வீட்டுத் தீயினின்று தன்னைக் காப்பனவும் அவையே என்பதை அவன் உணர்தல் வேண்டும். அவ்வாறு அவன் உணருமாறு விதியைத் தெளிவாகவும் நடுநிலையாகவும் நடத்துதல் ஆள்வோர் கடன். இவ்விரண்டில் ஒன்று குறையினும் விதி ஏட்டளவில் நிற்குமேயன்றி நகரைக் காவாது.