ஹாஸ்டலில் நள்ளிரவு மனநல நெருக்கடி: போலீசுக்கு முன்னால் யார் வர வேண்டும்? வண்டூரிலிருந்து ஒரு விளக்கம்

இரவு ஒன்றரை மணி. ஹாஸ்டல் அறைக்குள் உங்கள் நண்பர் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் அனுப்பிய மெசேஜைப் படித்ததிலிருந்து உங்களுக்குக் கை நடுங்குகிறது. இப்போது யாருக்கு போன் செய்வீர்கள்?

வார்டனைக் கூப்பிட்டால், அவர் கையில் பெற்றோரின் போன் நம்பரோடு வருவார். செக்யூரிட்டி மாற்றுச் சாவியோடு வருவார். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடும் போலீஸ் நோட்டுப் புத்தகத்தோடும் வரும். இவர்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை. ஆனால், அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

அந்த வேலைக்கு வெளிநாடுகளில் ஒரு பெயர் இருக்கிறது: நடமாடும் மனநல நெருக்கடிப் பணியாளர். நெருக்கடியில் இருப்பவரை கிளினிக்குக்கு வரச் சொல்லாமல், அவர் இருக்கும் இடத்துக்கே இவர் போவார். இந்தியக் கல்லூரிகளில் இந்தப் பெயரில் ஒரு பதவி அநேகமாக இல்லை. ஆனால் வேலை இருக்கிறது, தினமும் யாரோ ஒருவர் அரைகுறையாகச் செய்துகொண்டும் இருக்கிறார். சமூகப்பணியோ உளவியலோ நர்சிங்கோ படித்த உங்களில் சிலர் அடுத்த சில ஆண்டுகளில் இந்த வேலைக்கு வர வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஏன் வண்டூர்?

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் கடற்கரைக் கிராமம் வண்டூர். ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறியவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல் இதுதான். வடக்கு வண்டூரில் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. பவளப்பாறை, ஆமை, சதுப்புநிலக் காடு என்று ஆராய வரும் இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்குவது அங்கே. புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையும் போர்ட் பிளேரில்தான் இயங்குகிறது. அதாவது, பல்கலைக்கழக வளாகம் என்பது மதில் சுவரோடு முடிந்துவிடாத இடம் இது. மாணவர் இருக்கும் படகுத்துறையும் வளாகம்தான்.

இன்னொரு காரணம், எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை தற்கொலைகள் என்று பார்த்தால் இந்திய சராசரி 12.4. அந்தமான் நிக்கோபாரில் 42.8. மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றிலும் சிக்கிமுக்கு அடுத்த இடம். சுமார் நான்கு லட்சம் மக்கள்தொகையில் சில மரணங்கள் கூடினாலே விகிதம் எகிறும் என்பது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் இது அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். இந்தியாவில் நடமாடும் மனநல நெருக்கடிப் பணி பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று இந்தத் தீவுகள்.

2005இல் என்ன நடந்தது?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்கு அந்தமானின் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வண்டூர் பக்கம் வயல்களில் ஏறிய உப்புநீர் திரும்பிப் போகவில்லை. நிக்கோபார் தீவுகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கியவர்களால் போர்ட் பிளேரின் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. சில நாள்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநலக் குழுக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

அவர்கள் மேஜை போட்டு நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. முகாம் முகாமாகப் போனார்கள், உட்கார்ந்து கேட்டார்கள், குழந்தைகளை விளையாடவும் வரையவும் விட்டார்கள். பிறகு தங்கள் ஆய்வில் அவர்கள் பதிவு செய்த கணக்கு இது: முதல் மூன்று மாதங்களில் மனநலக் கோளாறு இருந்தது இடம்பெயர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு, இடம்பெயராதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு. எல்லாவற்றையும் இழந்த ஒரு கூட்டத்தில் இது குறைவாகப் படலாம். துக்கம் எல்லோருக்கும் இருந்தது. நோய் சிலருக்குத்தான் இருந்தது. துக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தேவைப்பட்டது சொந்தக்காரர்களைப் பற்றிய தகவல், பக்கத்தில் ஓர் ஆள், அடுத்த நாள் எங்கே தூங்குவது என்ற நிச்சயம்.

அந்தக் குழுக்கள் செய்த இன்னொரு காரியமும் கவனிக்க வேண்டியது. ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் விமானம் ஏறிவிடுவார்கள், பக்கத்து வீட்டு டீச்சர் அங்கேயேதான் இருப்பார். வளாகப் பணிக்கும் இது அப்படியே பொருந்தும். எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

வேலை எப்படி நடக்கும்?

உலகம் அதிகம் பேசிய மாதிரி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள யூஜீன் நகரத்தின் ‘கஹூட்ஸ்’. யூஜீன் ஒரு பல்கலைக்கழக ஊர். 1989இல் ஒயிட் பேர்ட் கிளினிக் என்ற அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து இதைத் தொடங்கியது. ஒரு வேன், அதில் இரண்டு பேர். ஒருவருக்கு மருத்துவ முதலுதவி தெரியும், மற்றவர் நெருக்கடிப் பணியாளர். யூனிஃபார்ம், துப்பாக்கி எதுவும் கிடையாது. அவர்கள் போலீஸ் துணை கேட்டது நூற்றுக்கு இரண்டு அழைப்புகளுக்கும் குறைவு என்று அந்த கிளினிக் கணக்குச் சொன்னது. 36 ஆண்டு ஓடிய அந்தச் சேவை, 2025 ஏப்ரலில் பணம் இல்லாமல் யூஜீனில் நின்றுபோனது. நல்ல பெயர் வாங்கிய திட்டத்துக்கும் இதுதான் கதி என்பதை இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது அந்த ஒன்றரை மணி வராந்தாவுக்கு வருவோம். அழைப்பு உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியிலேயே போன் செய்தவரிடம் கேட்பீர்கள்: இப்போது அவரோடு யார் இருக்கிறார்? குடித்திருக்கிறாரா? தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா? உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் போன் ஆம்புலன்ஸுக்குத்தான். மற்றபடி சைரன் வேண்டாம். வராந்தாவில் கூடி நிற்கும் இருபது பேரைக் கலைப்பதுதான் நீங்கள் செய்யும் முதல் சிகிச்சை. ஒரே ஒரு நண்பரை மட்டும் இருக்கச் சொல்வீர்கள்.

அப்புறம் உட்காருவீர்கள். நிற்பதை விட உட்காருவது நல்லது, அதுவும் அவர் கண் மட்டத்துக்குக் கீழே. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மொத்தத்தையும் மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது: பார், கேள், இணை. ‘கேள்’ என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு, இங்கே இரண்டுமே தேவை. காது கொடுக்க வேண்டும், கேள்வியும் கேட்க வேண்டும். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம் ஊரில் ரொம்ப ஆழமானது. ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. பல நேரம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவார்.

“எல்லாம் சரியாயிடும்”, “அப்பா அம்மாவ நெனச்சுப் பாரு”, “உனக்கென்ன குறைச்சல்” போன்றவற்றை வாயில் வராமல் அடக்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி என்றுகூடச் சொல்லலாம். இரண்டாவது வாக்கியம் அன்பால் வருவதுதான். ஆனால் தேர்வில் தோற்ற ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மாவின் முகம்தான் பல சமயம் பிரச்சினையே.

அந்தமானில் இதோடு மொழியும் சேரும். அங்கே தெருவில் இந்தி, வீட்டில் வேறு. 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேர் தாய்மொழியாகச் சொன்னது தமிழ், சுமார் 15 சதவீதம். கிளாஸில் இந்தியில் ஜோக் அடிக்கும் பையன், உடைந்து அழும்போது அம்மாவிடம் பேசும் மொழிக்குத்தான் போவான்.

“அப்பாகிட்ட சொல்லாதீங்க அக்கா”

இந்த வேலையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தால் அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லலாம். 14ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பிய யாரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அக்காவாக, சித்தப்பாவாக, ரூம்மேட்டாகவும் இருக்கலாம். ஹாஸ்டல் சேர்க்கை அன்றே இந்தத் தாளை நிரப்பச் சொல்லலாமே என்பது என் எண்ணம். செலவு ஒரு பேப்பர்.

21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எப்படி ஆம்புலன்ஸ் வருகிறதோ அதே தரத்தில் மனநோய்க்கும் வர வேண்டும் என்கிறது. போலீஸ் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது 100ஆம் பிரிவு. 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆகவே “போலீஸ் கேஸ் ஆகிடும்” என்று யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தாமதப்படுத்தினால், அந்தப் பயத்தை அங்கேயே உடைக்க வேண்டியது உங்கள் வேலை.

கோர்ட் சொன்னது, சொல்லாதது

2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்களின் மரணம் தற்கொலையாகப் பதிவானது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும்; ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும்; டெலி-மானஸ் எண்ணை ஹாஸ்டலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நல்ல உத்தரவு. ஆனால் ஆலோசகர் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவராக இருந்தால், ஒன்றரை மணி வராந்தா அப்படியேதான் இருக்கும்.

டெலி-மானஸ் அந்த இடைவெளியில் கொஞ்சம் நிரப்புகிறது. 2022 அக்டோபர் 10 முதல் 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் தீவில் வீடியோ கால் என்பதே பொறுமைச் சோதனை. தொலைவிலிருந்து பேசும் டாக்டரும் பக்கத்தில் உட்காரும் பணியாளரும் சேர்ந்தால், வண்டூர் மாதிரி இடத்திலும் இது சாத்தியம்.

போய்ச் சேர்ந்தால் போதுமா?

போதாது. 2008இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை ஐந்து ஊர்களில் பின்தொடர்ந்தது. அவற்றில் இரண்டு சென்னையும் கொழும்பும். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. புதிதாக மருந்து எதுவும் இல்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

சினிமாவில் காட்டும் அளவுக்கு அந்த ஒன்பது போன்களில் எதுவும் இல்லை. “சாப்டியா? தூக்கம் வருதா? மாத்திரை இருக்கா?” அவ்வளவுதான். ஆனால் ஐந்தாவது போனையும் மறக்காமல் செய்ய, செமஸ்டர் லீவிலும் ஊரில் இருக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்தமான் முகாம்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததன் பொருளும் இதேதான். ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் கல்லூரி, வேனை வாங்கி நிறுத்தினாலும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

நீங்கள் வர விரும்பினால்

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு கட்டாயம். மனநல சமூகப்பணி, மனநல நர்சிங் ஆகியவையும் இந்த வேலைக்கு நேரான வழிகள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு ஒரு யோசனை: நேராக கேம்பஸுக்குப் போகாமல், முதலில் ஒரு ஹெல்ப்லைனில் தன்னார்வலராக இருங்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகாவே தன்னார்வலர்களால் நடப்பதுதான். முகம் தெரியாத ஒருவரின் மௌனத்தை போனில் தாங்கப் பழகியவருக்கு மூடிய கதவு புதிதாக இருக்காது.

வேலைக்குச் சேரும் முன் நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். இரவு அழைப்புக்கு இரண்டாவது ஆள் உண்டா? ஒரு கடினமான இரவுக்குப் பிறகு நான் பேச, மூத்த நிபுணர் ஒருவர் இருக்கிறாரா? மாணவர் சொன்னதை டீனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அங்கே சேர வேண்டாம். அந்தச் செய்தி ஹாஸ்டலில் பரவ ஒரு வாரம் போதும், அப்புறம் எந்தக் கதவும் உங்களுக்குத் திறக்காது.

*உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ தற்கொலை எண்ணம் இருந்தால்: டெலி-மானஸ் 14416 (24 மணி நேரம், இலவசம்), சிநேகா 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 112.*