100 சி.சி. மோட்டார் சைக்கிள்களின் வருகை

நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய, ஊருக்குள் ஓட்டுவதற்கு ஏற்ற 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் 1984 முதல் 1986 வரையிலான மூன்று ஆண்டுகளில் இந்தியச் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய நிலையையும், வந்த வண்டிகளுள் மக்கள் எதை விரும்பினர், ஏன் விரும்பினர் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முந்தைய நிலை

1960களிலும் 70களிலும் மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தாம். சென்னை திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட், மைசூரில் தயாரான 250 சி.சி. ஜாவா (1973 முதல் யெஸ்டி), எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் 175 சி.சி. ராஜ்தூத். மூன்றும் உழைப்பாளி வண்டிகள். ஆனால் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் போய்வர இவ்வளவு எடையும் பெட்ரோல் செலவும் தேவையில்லை.

ஸ்கூட்டர் விரும்பியவர்களுக்கு 1972-இல் பஜாஜ் சேத்தக் வந்தது. எந்த ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் வரையறுத்த காலம் அது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்நாளில் எந்த வண்டி நல்லது என்று கேட்டவர்களைவிட எது கிடைக்கும் என்று கேட்டவர்களே அதிகம்.

இந்த இடைவெளியை மொபெட் நிரப்பியது. 1972-இல் கைனெடிக் நிறுவனத்தின் லூனா வந்தது. 1980-இல், அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் டிவிஎஸ் 50 தயாரானது. இருவர் அமர்ந்து செல்லும் முதல் இந்திய மொபெட் இதுவே. கியர் கிடையாது, பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வீடு வந்து சேரலாம். பால்காரர், காய்கறி வியாபாரி, ஆசிரியர் என எல்லோரும் வாங்கினர். 50 சி.சி.யில் இரண்டு பேருடன் மேட்டில் ஏறும்போது வண்டி திணறும், சில சமயம் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டியும் வரும். இருந்தும் கொடுத்த காசுக்கு அது நிறையவே உழைத்தது.

நான்கு வண்டிகள்

1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து 100 சி.சி. வரையிலான வண்டிகளைத் தயாரிக்க அரசு இசைந்தது. ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் இந்தியப் பங்காளிகளுடன் வந்தன. டிவிஎஸ் குழுமம் சுசுகியுடன் சேர்ந்து 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வண்டியை வெளியிட்டது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய இரண்டும் வந்தன. அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ் கேபி 100 வந்தது.

இவற்றுள் சிடி 100 மட்டுமே நான்குவீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் கொண்டது. மற்ற மூன்றும் இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டிகள். இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பெட்ரோல் எரிந்து விசை கிடைக்கிறது. அதனால் எஞ்சின் சிறிதானாலும் வேகம் அதிகம். ஆனால் புதிதாக உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைவழியாக வெளியேறிவிடும். மசகு எண்ணெயும் சேர்ந்து எரியும். சைலன்சரில் கரி அடைக்கும். நான்குவீச்சில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் விசை. வால்வுகள் திறந்து மூடுவதால் பெட்ரோல் வீணாவது குறைவு. எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே தனியாக நிற்கும்.

ஆர்எக்ஸ் 100 ஏறத்தாழ 11 குதிரைத்திறன் கொடுத்தது. சிடி 100 கொடுத்தது ஏழு, ஏழரை. இளைஞர்கள் யமஹாவின் பின்னால் போனதில் வியப்பில்லை. வீட்டுக் கணக்கு எழுதுபவர்கள் வேறு விதமாகப் பார்த்தனர். அப்போது இக்கட்டுரையாளர் பணியாற்றிய பள்ளியின் ஆசிரியர் அறையில் இது பற்றிய வாதம் பல நாள் நடந்தது. கணக்கு ஆசிரியர் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டினார். நாளுக்கு 20 கி.மீ. வீதம் மாதம் 25 நாள் ஓட்டினால் 500 கி.மீ. ஆகிறது. லிட்டருக்கு 40 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 12.5 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 65 கொடுக்கும் வண்டிக்கு 8 லிட்டருக்கும் குறைவு. மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஐந்து லிட்டர் பெரிய தொகை. டேப்பெட் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று எதிர்த்தரப்பு கேட்டதும் நியாயமே. சிறிய ஊர்களின் பட்டறைகளுக்கு இருவீச்சு வண்டிதான் கைவந்த வேலை.

இருவீச்சின் முடிவு

கணக்கு ஆசிரியரின் பக்கமே நாடும் சாய்ந்தது. லூதியானாவில் மிதிவண்டி செய்து வளர்ந்த ஹீரோ குழுமத்தின் இந்தக் கூட்டு நிறுவனம் 1994-இல் ஸ்பிளெண்டர் வண்டியை வெளியிட்டது. 2001-இல் உலகிலேயே அதிக இருசக்கர வண்டிகள் தயாரிக்கும் நிறுவனமானது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. புகை அளவுக்கான விதிகள் 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் கடுமையாக்கப்பட்டதால் மற்ற இருவீச்சு வண்டிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. மறைந்த வண்டிகளுள் ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். விசையும் குறைந்த எடையும் சேர்ந்த அந்த ஓட்டம் அடுத்து வந்த மைலேஜ் வண்டிகளில் கிடைக்கவில்லை என்பது உண்மை.

ஓசூர் மொபெட் மட்டும் இருவீச்சிலேயே நெடுநாள் தாக்குப்பிடித்தது. 2015-இல் எக்ஸ்எல் 100 என்ற பெயரில் அதற்கும் நான்குவீச்சு எஞ்சின் வந்தது.