விண்டோஸ் பொதுக் கோப்புகளின் சிதைவும் மீட்பும்: 1985 முதல் 2012 வரை

1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் 1.0, 256 கிலோபைட் நினைவகமே கொண்ட கணினியிலும் இயங்க வேண்டியிருந்தது. சாளரம் வரைவது, எழுத்துகளைத் திரையில் காட்டுவது போன்ற பணிகளுக்கான நிரல்களை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே சுமக்க அந்நினைவகத்தில் இடமில்லை என்பதால், அவை பொது நூலகங்களில் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டு, மென்பொருள் இயங்கும் வேளையில் அதனோடு இணைக்கப்பட்டன. டிஎல்எல் எனப்படும் கோப்புவகை இதுவே. பிற்காலத்துப் பழுதுகளில் பெரும்பாலானவை இச்சிக்கனத்தின் விளைவுகளாகும்.

மென்பொருள் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகளைத் தாமே கொண்டுவந்து பொதுவான சிஸ்டம் கோப்புறையில் இட்டபோது சிக்கல் முற்றியது. பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே கோப்பை மாற்றுவதற்கான வசதி 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இருந்தும், அதைப் பொருட்படுத்தாத நிறுவல் நிரல்கள் புதிய பதிப்பின்மேல் பழையதை எழுதின. அதனால் பழுதடைந்தது வேறொரு மென்பொருளாக இருந்தது. மேலும், 16 பிட் விண்டோஸில் ஒரு நூலகம் நினைவகத்தில் ஏறிவிட்டால், அதே பெயருள்ள நூலகத்தைக் கோரும் எல்லா மென்பொருள்களுக்கும் அதுவே கிடைத்தது. ஆகவே, எந்த மென்பொருளை முதலில் திறந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பழுது தோன்றியும் மறைந்தும் வந்தது. காரணத்தைக் கண்டறிவது கடினமானதற்கு இதைவிட வலுவான விளக்கம் இல்லை.

விண்டோஸ் 98 தந்த சிஸ்டம் ஃபைல் செக்கர், கோப்புகளைத் தன் பதிவுகளோடு ஒப்பிட்டு, மாறியிருந்தவற்றை நிறுவல் குறுந்தகட்டிலிருந்து மீட்டுத் தந்தது. எனினும் மாற்றம் முறையானதா, கேடானதா என்ற முடிவைப் பயனரிடமே விட்டது. பயனரால் அறிய இயலாத ஒன்றை அவரிடமே கேட்டது பெருங்குறை என்றே கொள்ள வேண்டும்.

அப்பொறுப்பை இயங்குதளமே ஏற்றது 2000ஆம் ஆண்டில்தான். விண்டோஸ் 2000, முக்கியக் கோப்பு மாற்றப்பட்டதை உணர்ந்து, அதன் மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, டிஎல்எல்கேஷ் என்னும் சேமிப்பிலிருந்து சரியான படியைத் தானே திரும்ப வைத்தது. 2001இல் வந்த எக்ஸ்பி, ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் அருகருகே வாழ இடமளித்தது. விஸ்டாவோ நிர்வாகிக் கணக்கும் நேரடியாக மாற்ற இயலாதவாறு கோப்புகளின் உரிமையை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்னும் சேவைக்கு அளித்தது. ஆக, பழுதைக் குறைத்ததில் மீட்புக் கருவிகளைவிடப் பகிர்வுக்கு விதித்த கட்டுப்பாட்டுக்கே பெரும் பங்குண்டு.

விஸ்டா முதல் சிஸ்டம் ஃபைல் செக்கரை இயக்கும் எஸ்எஃப்சி கட்டளை, கூறுகளின் மூலச் சேமிப்பான வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையிலிருந்தே நல்ல படியை எடுக்கிறது; அச்சேமிப்பே சிதைந்திருந்தால் அக்கட்டளை பயன் தராது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8இல் டிஐஎஸ்எம் கருவிக்குச் சேமிப்பைச் சீராக்கும் திறன் சேர்க்கப்பட்டதால், அதை முதலில் இயக்கிப் பின்னர் எஸ்எஃப்சியை இயக்குவதே பொருத்தமான வரிசையாகும். ஆனால் எம்எஸ்விசிஆர்100 போன்ற கோப்பு காணவில்லை என்ற அறிவிப்புக்கு இவ்விரண்டும் தீர்வாகா. அது விஷுவல் சி++ 2010 தொகுப்பைச் சேர்ந்தது. அத்தொகுப்பை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து பெற்று முழுமையாக நிறுவ வேண்டுமேயன்றி, அறியாத தளத்திலிருந்து ஒற்றைக் கோப்பை இறக்கி வைப்பது தீநிரலுக்கு வழிதிறப்பதாக முடியலாம்.