ஏலம் கேட்ட ஏஜெண்டும் கோட்டைவிட்ட நானும்

பொத்தேரி ஹாஸ்டல்ல இருந்தப்போ ஒரு ஏலத்தளத்துல பழைய கேமரா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 1500 வரைக்கும் போகலாம்னு மனசுல. ஆனா ஏஜெண்டு கிட்ட 1000-னு மட்டும் சொன்னேன், அப்புறமா ஏத்திக்கலாமேன்னு. கடைசி மூணு செகண்டுல யாரோ 1020-க்கு தட்டிட்டுப் போயிட்டாங்க :-(

இந்த ஏஜெண்டு ரொம்ப சிம்பிள் மக்களே. உச்ச விலையை ரகசியமா வாங்கிக்கும். எதிராளியை விட ஒரு படி மட்டும் மேல கேக்கும். 2000-ல ஆரம்பிச்ச பாஸி.காம், 2004-ல ஈபே கைக்குப் போய் ஈபே இந்தியாவா மாறி, 2018-ல மூடின வரைக்கும் நம்ம நாட்டுக்காரங்களும் பார்த்த சங்கதிதான்.

ஐடியா கம்ப்யூட்டர்காரங்களோடது இல்ல. 1961-ல வில்லியம் விக்ரி எழுதினார்: அதிகம் கேட்டவன் ஜெயிக்கட்டும், ஆனா ரெண்டாவது ஆள் கேட்ட விலையைக் கொடுக்கட்டும். அப்போ உண்மை விலையைச் சொல்றதுதான் லாபம். (1996-ல நோபல் அறிவிச்ச மூணாம் நாள் மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார், பாவம்.)

ஆனா ஜனங்க என்னை மாதிரிதானே! அதனாலதான் கடைசி நொடியில பாயறதுக்குன்னே தனி மென்பொருள் வந்துச்சு. ராத், ஓக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பேர் 2002-ல ஈபேயையும் அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டாங்க. ஈபேயில மணி அடிச்சா ஏலம் முடிஞ்சுது. அமேசான்ல கடைசிப் பத்து நிமிஷத்துல யாராவது கேட்டா நேரம் நீண்டுச்சு. பதுங்கிப் பாயற கூட்டம் ஈபேயிலதான் அதிகமா இருந்துச்சு.

1500-ஐயே போட்டிருந்தா நான் தூங்கினாலும் ஏஜெண்டு பதிலுக்குக் கேட்டிருக்கும். கேமரா கிடைச்சிருக்குமா? எதிராளியோட உச்சம் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதே!